இறகு நிறமும் இணைத்தேர்வும்: குறிப்பெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரைச் சுற்றியுள்ள ஏரிகளுக்குப் பறவை பார்க்க வரும் புதியவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டினால், எங்கள் தலைமுறை எழுதிய அதே பிழைகள் கையெழுத்து மட்டும் மாறித் திரும்ப வந்திருக்கின்றன. பறவையின் பெயரை மாற்றி எழுதுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இணை கிடைத்ததற்கு நிறமே காரணம் என்று எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். காவேரிப்பாக்கம் பக்கத்தில், கிணற்றின்மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை ஒரு பருவம் முழுவதும் கவனித்த கல்லூரி மாணவர் ஒருவர், ஆண்களின் உச்சந்தலை மஞ்சளைத் தரம் பிரித்து அழகான அட்டவணை போட்டு வந்தார். "நல்ல மஞ்சளா இருக்கிறதுக்குத்தான் சார் ஜோடி கிடைக்குது" என்றார். எந்த ஆணின் கூடு எந்தக் கிளையில், எவ்வளவு உயரத்தில், எந்த அளவு முடிந்திருந்தது என்று கேட்டேன். ஒரு வரிகூட இல்லை. தூக்கணாங்குருவி ஆண், கூட்டைப் பாதி கட்டித் தலைக்கவசம் போன்ற வடிவில் நிறுத்திவிட்டு, சிறகடித்துக் குரல் கொடுத்துப் பெண்ணை அழைக்கிறது. பெண் உள்ளே புகுந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் முட்டையறையும் நுழைகுழலும் முழுமை பெறுகின்றன. கூடு அமைந்த இடத்துக்கு அந்தத் தேர்வில் பெரும்பங்கு உண்டு. மஞ்சள் மிகுந்த ஆணே நல்ல கிளையையும் முதலில் பிடித்திருந்தால், பெண் எதைப் பார்த்து வந்தது என்பதை அந்த அட்டவணையால் சொல்லவே முடியாது. ஒரு பருவத்து உழைப்பு வீண். இனி அடுத்த மழைக்காலம்தான்.

நிறத்தைக் காரணம் என்று சொல்ல, நிறத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹில், ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் சிறுபறவையின் ஆண்களுக்குச் சாயம் பூசினார்; சிவப்பு கூட்டப்பட்டவை விரைவில் இணை பெற்றன என்று 1991-இல் வெளியிட்டார். அச்சிவப்பு உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. ஆகவே அது ஆணின் உடல்நிலைக்கும் ஓரளவு சான்றாகிறது. இங்கே யாரும் சாயம் பூசக் கிளம்ப வேண்டாம், வனத்துறை அனுமதியின்றிப் பறவையைப் பிடிப்பதே குற்றம். அட்டவணையில் கூட்டுக்கென நாலு பத்தி சேர்த்தாலே போதும்.

பளிச்சென்றிருப்பதை ஆண் என்று குறிப்பது

மயில் உள்ளானில் செம்பழுப்புக் கழுத்தும் அடர்நிறமும் பெண்ணுக்கே உரியவை. மங்கலான ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறது, பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடுகிறது.

கைப்பேசிப் படத்தை வைத்து நிறத்தை அளப்பது

வேண்டாம். நம் கண்ணுக்குத் தெரியாத, கைப்பேசிப் படத்திலும் பதியாத புறஊதா ஒளியையும் பறவைகள் காண்கின்றன. ஐரோப்பாவின் நீலச் சிட்டில் நமக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும் ஆணும் பெண்ணும் உச்சந்தலையின் புறஊதா எதிரொளிப்பில் வேறுபடுகின்றன என்பது 1998-இல்தான் தெரியவந்தது.

மயில் தோகையை முடிந்த வழக்காக நினைப்பது

கண்புள்ளி மிகுந்த ஆண்களுக்கு இணை மிகுதி என்று 1991-இல் இங்கிலாந்தில் மரியன் பெட்ரி குழுவினர் கண்டனர். 2008-இல் ஜப்பானிலிருந்து வெளியான தகாஹாஷி குழுவினரின் ஆய்வில் அத்தொடர்பு கிடைக்கவில்லை.

நிறம் உதிர்த்த தேன்சிட்டைப் பெண் என்பது

இனப்பெருக்கக் காலம் கழிந்த ஊதாத் தேன்சிட்டு ஆணுக்குத் தொண்டையிலிருந்து மார்பு வழியே ஒரு கருங்கோடு இறங்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.