சுகர் குறையவே இல்லையா? பல் வேரையும் பாருங்கள்

சாப்பாட்டில் மாற்றமில்லை, மாத்திரையும் தவறவில்லை, ஆனாலும் சுகர் இறங்க மாட்டேன் என்கிறதா? ஒரு தடவை பல்லையும் காட்டிவிடுங்கள். தினமும் ரூட் கெனால் (பல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்கிற பல் மருத்துவராகச் சொல்கிறேன்: வலி இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சொத்தை ஆழமாகி நரம்பு செத்துவிட்டால் வலி நின்றுபோகும். கிருமியோ வேர் நுனிவரை இறங்கி, சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறில் கடுகளவு கொப்புளம் இருக்கலாம். அது உடைந்து வற்றும், சில நாளில் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும். வாய்ப்புண் என்று விட்டுவிடுகிறார்கள். அது வேரிலிருந்து சீழ் வெளியேறும் வழி. ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சர்க்கரை கூடினால் கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் சோர்ந்துவிடும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். சீழ் பிடித்திருந்தால் உடலில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடி, இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. அதனால்தான், "சுகர் குறையட்டும் டாக்டர், அப்புறம் வருகிறேன்" என்று யாராவது தள்ளிப்போட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். சுகர் மிக அதிகமாக இருந்தால் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பேசி, முதலில் சீழை வெளியேற்றுவோம். மீதியைப் பிறகு முடிக்கலாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கிப் போட்டு ஒப்பேற்றவே வேண்டாம். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது.

சிகிச்சைக்குக் காலை நேரமாகக் கேளுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, குளுக்கோமீட்டர் மூன்றும் கையில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், சில வலி மாத்திரைகள் உங்களுக்கு ஆகாது. நாற்காலியில் இருக்கும்போது கை நடுங்கி, வியர்த்தால் உடனே கையைத் தூக்குங்கள். சுகர் 70க்குக் கீழே போயிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்போம்.

ஊசி போட்டு மரத்துப்போன வாயால் சில மணி நேரம் மெல்ல முடியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். அடுத்த வேளைச் சாப்பாடு தள்ளிப்போனால் மருந்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் பல்லின் மேல் கேப் (உறை) போட்டுக்கொள்ளச் சொன்னால் தாமதிக்காதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வாருங்கள். எலும்பு வளர நாளாகும், அந்தக் கறுப்பு இன்னும் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

ஆனால் வீக்கம் கண்ணுக்கோ தாடைக்குக் கீழேயோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், இரவானாலும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.