போர் தண்ணி உப்பா இருந்தா காய்கறி தோட்டம் எப்படி போடுறது

எண்ணூர், திருவொத்தியூர், மீஞ்சூர் பக்கம் போர் தண்ணிய நம்பி தோட்டம் போடுறவங்களுக்கு இது. நிலத்தடி தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு, மீஞ்சூர்ல இது ரொம்ப வருஷத்து கதை. அந்த உப்பு தண்ணிய விட்டா இலை நுனி கருகும், மண்ணு ஈரமா இருக்கும்போதே செடி வாடி நிக்கும், தொட்டி ஓரத்துல வெள்ளையா படியும். உடனே சத்து பத்தலன்னு உரத்த அள்ளி போட்டுடுவாங்க, உரமும் ஒருவகையில உப்புதாங்க!

முதல்ல தண்ணியில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல பாருங்க. 450 பிபிஎம்முக்குள்ள இருந்தா பிரச்சனை இல்ல. 2000 தாண்டுச்சுன்னா பீன்ஸ், கேரட், வெங்காயம்லாம் வேணாம், வீண் வேலை. கொத்தவரங்கா, பீட்ரூட், பருப்புக்கீரை ஓரளவு தாங்கும்.

அடுத்து தண்ணி விடுற விதம், பாதி விஷயம் இதுலதான் இருக்கு. தினமும் கொஞ்சூண்டு தெளிச்சுட்டு போனா தண்ணி ஆவியாயிடும், உப்பு மட்டும் அங்கயே தங்கி ஏறிக்கிட்டே போகும். அதனால ஊத்தும்போது அடி ஓட்டை வழியா தண்ணி வெளிய வர்ற வரைக்கும் ஊத்துங்க, வந்த தண்ணி தட்டுல தேங்குனா கொட்டிடுங்க, இல்லன்னா மண்ணு அதையே திரும்ப இழுத்துக்கும். இலை மேல படாம வேர்ல விடுங்க. மேல காஞ்ச இலையோ வைக்கோலோ பரப்பிடுங்க. தரையில பார் (மேடு) போட்டா உச்சியிலதான் உப்பு வந்து சேரும், அதனால சரிவுல நடுங்க.

வெதை முளைக்கிறப்பவும் நாத்து சின்னதா இருக்கிறப்பவும்தான் உப்பு ரொம்ப அடிக்கும், லாரி தண்ணி, ஏசி தண்ணின்னு கையில இருக்கிற நல்ல தண்ணிய அதுக்கு ஒதுக்குங்க. ஆர்ஓ மெஷின் கழிச்சு விடுற தண்ணி மட்டும் வேண்டவே வேணாம், அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி.

கோகோபீட்ட, அதான் தேங்கா நார் தூள, நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசிட்டு போடுங்க. பொட்டாஷ் உரம் வேணும்னா பொட்டாஷ் சல்பேட் வாங்குங்க, கடையில சாதாரணமா குடுக்கிறது குளோரைடு.

ஜிப்சம் போட்டா உப்பு போயிடும்னு சொல்றத அப்படியே நம்பாதீங்க. சோடியம் ஏறி மண்ணு இறுகி தண்ணியே எறங்கலன்னா அது உதவும், அதுல இருக்கிற கால்சியம் சோடியத்த பெயர்த்து விடும், அவ்ளோதான், கழுவி வெளியேத்துறதுக்கு தண்ணி நீங்கதான் விடணும்.

உப்ப கழுவி விடுற ஐப்பசி கார்த்திகை மழைய வீணாக்காதீங்க, தரையா இருந்தா வரப்பு கட்டி நிறுத்தி உள்ள எறங்க விடுங்க, தொட்டின்னா அடி ஓட்டை அடைக்காம இருக்கான்னு பாத்துட்டு மழையில விட்டுடுங்க. பீன்ஸ் ஆசை இருந்தா அந்த மழை முடிஞ்ச கையோட போடுங்க.