அடுப்படி வயரிங்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

போன வாரம் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். வயரிங் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இரண்டு தம்பிகள் அடுப்படிச் சுவரில் பைப் பதிக்கக் காடி (நீளப் பள்ளம்) எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் லைன்களெல்லாம் பிரியும் டி.பி. பெட்டியிலிருந்து ஒரே பைப். மேடைக்கு மேலே வரும் மூன்று பவர் பிளக்குக்கும் அதே வயர்தான் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு லூப் ஆகிப் போகிறது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த தப்பும் இதேதான். ஈரக்கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, வயரிங்கில் நடக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

எம்சிபி விழுகிறது என்று பெரிய எம்சிபி போடுவது

எம்சிபி என்பது லைனில் கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். இதை யார் செய்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வில்லாபுரத்தில் ஒரு வீடு. தனியாக எடுத்துச் செய்த முதல் வேலைகளில் ஒன்று. அடுப்படி முழுவதற்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒரே லைன், 16 ஆம்பியர் எம்சிபி. பால் காய்ப்பு முடிந்து சில நாளில் அந்த வீட்டு அக்கா ஃபோன் செய்தார்: "தம்பி, காலையில சமைக்கும்போதெல்லாம் கரண்ட் போயிருதுப்பா." போய் 32 ஆம்பியர் எம்சிபி மாட்டினேன். அதற்கப்புறம் விழவில்லை. அக்காவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து, தீய்ந்த வாடை வருகிறது என்று மறுபடி கூப்பிட்டார். பிளக் பெட்டியைக் கழற்றினால் வயரின் மேலுறை கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது. நல்லவேளை, பகலில் வாடை வந்தது.

கணக்கு எளிது. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், மைக்ரோவேவ் 1200, கெட்டில் 1500, மிக்ஸி 750. மொத்தம் 5450 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர். பைப்புக்குள் போகும் அந்த வயர் 16 ஆம்பியர் தாங்கினாலே பெரிது. கரண்ட் ஒன்றரை மடங்கு ஆனால் வயரில் ஏறும் சூடு இரண்டேகால் மடங்கு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைக்கும்தான்.

எம்சிபி இருப்பது சுவருக்குள் கிடக்கும் வயரைக் காப்பாற்ற. அது விழுந்தால், வயரால் முடியவில்லை என்று நமக்குச் சொல்கிறது. நான் அதன் வாயை அடைத்தேன். கடைசியில் டைல்ஸை உடைத்துப் புது பைப் போட்டோம். அதே டைல்ஸ் கிடைக்காமல், அந்தச் சுவரில் இன்றும் ஒரு பட்டை வேறு நிறத்தில் இருக்கிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? இண்டக்‌ஷனுக்குத் தனி லைன், மைக்ரோவேவுக்குத் தனி லைன், மிக்ஸி, கிரைண்டர், கெட்டிலுக்குச் சேர்த்து ஒன்று. மூன்றுமே 2.5 ஸ்கொயர் எம்எம், ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் எம்சிபி. விளக்கும் ஃபேனும் இவற்றில் சேரக் கூடாது. காலியாக ஒரு பைப்பும் போட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவும் மெஷின் வந்தால் சுவரை உடைக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜை மிக்ஸி லைனில் சேர்ப்பது

மிக்ஸி பழுதாகி லைன் விழுந்தால் ஃப்ரிட்ஜும் நிற்கும். யாரும் கவனிக்காவிட்டால் மாவும் பாலும் போச்சு. தனி எம்சிபி கொடுங்கள்.

பெயருக்கு மூன்று ஓட்டை பிளக்

பின்னால் எர்த் வயரே இருக்காது. கிரைண்டர் உடம்பு இரும்பு, தரை எப்போதும் ஈரம். எர்த்தும் வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு முறுக்குவது

கூடவே கூடாது. நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் வயர்; இரண்டையும் சேர்த்தால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும்.

அடுப்புக்கு நேர் மேலே பிளக்

வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலேயும் வேண்டாம்.

சமைப்பவரைக் கேட்காமல் பாயிண்ட் குறிப்பது

ஒத்தக்கடை வீட்டில் காடி வேலையை நிறுத்தச் சொல்லி, வீட்டுக்காரரின் அம்மாவை அடுப்படிக்குள் கூப்பிட்டேன். கிரைண்டரை மேடையில் வைக்க மாட்டாராம். பின்வாசல் ஓரமாகத் தரையில்தான். அங்கே ஒரு பாயிண்ட்கூட இல்லை. தம்பிகள் சாக்பீஸை எடுத்துவந்து சுவரில் மறுபடி கோடு போட்டார்கள்.