பைத்தானில் கிளாஸ், ஆப்ஜெக்ட்: ஒரு வேலைப்பட்டியல் எழுதிப் பார்ப்போம்

ஃபங்ஷன் எழுத வருகிறது, லிஸ்டும் லூப்பும் கைக்குப் பழகிவிட்டன, ஆனால் கிளாஸ் என்ற சொல்லைக் கண்டதும் பாடத்தை மூடிவிடுகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். பல பாடங்கள் நாய் ஒரு கிளாஸ், அது குரைக்கும், பூனை ஒரு கிளாஸ், அது மியாவ் என்னும் என்று ஆரம்பிக்கும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், எடிட்டரைத் திறந்து உட்கார்ந்தால் கை ஓடாது. நாயை வைத்து யார் புரோகிராம் எழுதப்போகிறார்கள்? நாம் வேலைப்பட்டியல் ஒன்றை எழுதுவோம்.

கிளாஸ், டெஃப், பிரிண்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். நாம் வைக்கும் பெயர்கள் தமிழில் இருக்கலாம், 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் அதற்கு இடம் உண்டு.

முதல் படி: கிளாஸ் எழுதுவது

கிளாஸ் இல்லாமல் எழுதினால் வீட்டு வேலைக்கு ஒரு லிஸ்ட், அதன் பெயருக்கு ஒரு வேரியபிள், அலுவலக வேலைக்கு இன்னொரு ஜோடி என்று போகும். நான்கைந்து ஆனதும் எது எதோடு சேர்ந்தது என்று நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். தகவலையும் அதன்மேல் நடக்கும் வேலையையும் ஒரே இடத்தில் கட்டிவைப்பதுதான் இங்கே முழுக் கதையும்.

கிளாஸ் வேலைப்பட்டியல்:
    டெஃப் __இனிட்__(தான், பெயர்):
        தான்.பெயர் = பெயர்
        தான்.வேலைகள் = []

    டெஃப் சேர்(தான், வேலை):
        தான்.வேலைகள்.அப்பெண்ட்(வேலை)

இது வெறும் வரைபடம், இன்னும் ஒரு பட்டியலும் உருவாகவில்லை. இப்போது உருவாக்குவோம்:

வீடு = வேலைப்பட்டியல்("வீடு")
ஆபீஸ் = வேலைப்பட்டியல்("ஆபீஸ்")
வீடு.சேர்("துணி துவைக்க")

வீடு ஒரு ஆப்ஜெக்ட், ஆபீஸ் இன்னொன்று. இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் லிஸ்ட் வேறு வேறு. கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனை மெத்தட் என்பார்கள். ஆப்ஜெக்ட் பிறந்த உடனே பைத்தான் தானாகவே கூப்பிடும் மெத்தட்தான் இனிட், அதனால்தான் பெயரையும் காலி லிஸ்டையும் அங்கே வைத்தோம்.

இரண்டாம் படி: அந்த ‘தான்’ யார்?

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். மற்ற பாடங்களில் இந்த இடத்தில் செல்ஃப் என்று பார்த்திருப்பீர்கள். அது பைத்தானின் கட்டாயச் சொல் இல்லை, வழக்கம் மட்டுமே. விளக்கத்துக்காக நான் ‘தான்’ என்று வைத்தேன், வேலையில் நான்கு பேர் படிக்கப்போகும் புரோகிராமில் செல்ஃப் என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள்.

வீடு.சேர்("துணி துவைக்க") என்று நாம் எழுதுவதைப் பைத்தான் இப்படி எடுத்துக்கொள்கிறது:

வேலைப்பட்டியல்.சேர்(வீடு, "துணி துவைக்க")

புள்ளிக்கு முன்னால் இருந்த ஆப்ஜெக்ட் அடைப்புக்குறிக்குள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வடிவத்தையும் தட்டிப் பாருங்கள், ஓடும். இது புரிந்துவிட்டால் ஒரு பிரபலமான எர்ரரும் புரிந்துவிடும். டெஃப் வரியில் ‘தான்’ போட மறந்துவிட்டு சேர் மெத்தடைக் கூப்பிட்டால், இது ஒரு ஆர்க்யுமெண்ட்தான் வாங்கும், நீங்கள் இரண்டு கொடுத்திருக்கிறீர்கள் என்று பைத்தான் சொல்லும். ‘ஒன்றுதானேய்யா கொடுத்தேன்’ என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றும். இரண்டாவது ஆள் வீடு.

மூன்றாம் படி: லிஸ்டை எங்கே வைப்பது

ஆரம்பத்தில் ஒரு முழு மாலைப்பொழுதை நான் இதற்குப் பறிகொடுத்திருக்கிறேன். வேலைகள் = [] என்ற வரியை இனிட்டுக்குள் வைக்காமல், எழுதும் வேலை மிச்சம் என்று நினைத்து, கிளாஸ் வரிக்கு நேர் கீழே வைத்துவிட்டேன். எர்ரர் ஒன்றும் வரவில்லை. ஆனால் வீட்டில் சேர்த்த வேலை ஆபீஸ் பட்டியலிலும் வந்து நின்றது. கிளாஸுக்கு நேர் கீழே வைப்பது கிளாஸின் சொத்து, எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது. இனிட்டுக்குள் ‘தான்.’ என்று போட்டு வைப்பது அந்தந்த ஆப்ஜெக்டின் தனிச்சொத்து. மாறாத ஒரு எண்ணைப் பொதுவில் வைக்கலாம், அப்பெண்ட் செய்யப்போகும் லிஸ்டை வைக்கவே கூடாது.

நான்காம் படி: இருப்பதை வைத்துப் புதியது

அவசர வேலை கடைசியில் போய் நிற்கக் கூடாது, முன்னால் வர வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டாம்:

கிளாஸ் அவசரப்பட்டியல்(வேலைப்பட்டியல்):
    டெஃப் சேர்(தான், வேலை):
        தான்.வேலைகள்.இன்ஸெர்ட்(0, வேலை)

அடைப்புக்குறிக்குள் தாய் கிளாஸின் பெயர். இனிட் அங்கிருந்தே வந்துவிடுகிறது, சேர் மட்டும் இங்கே புதிது. பிள்ளை கிளாஸுக்கும் தனியாக இனிட் எழுதினால் அதற்குள் சூப்பர்().__இனிட்__(பெயர்) என்ற வரியைப் போட மறக்காதீர்கள், மறந்தால் வேலைகள் என்று ஒன்றும் இல்லையே என்று சேர் மெத்தட் கைவிரித்துவிடும்.

இப்போது மருத்துவம் = அவசரப்பட்டியல்("மருத்துவம்") என்று ஒன்றை உருவாக்கி இப்படி ஓட்டுங்கள்:

ஃபார் ப இன் [வீடு, ஆபீஸ், மருத்துவம்]:
    ப.சேர்("போன் செய்ய")

லூப்புக்கு யார் எந்த வகை என்ற கவலையே இல்லை. சேர் என்று சொன்னால் போதும், ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி சேர்த்துக்கொள்கிறது. பாலிமார்ஃபிசம் என்று பயமுறுத்தும் பெயரில் புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

என்கேப்சுலேஷன் என்று இன்னொன்றும் சொல்வார்கள், உள்விவகாரத்தை வெளியே காட்டாமல் வைப்பது. பைத்தானில் இதற்குப் பூட்டு கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டு தான்._வேலைகள் என்று எழுதினால், ‘வெளியிலிருந்து இதைத் தொடாதே’ என்று கேட்டுக்கொள்வதாக அர்த்தம். தொட்டால் எர்ரர் வராது.

கடைசியாக பிரிண்ட்(வீடு) என்று போட்டுப் பாருங்கள். கிளாஸின் பெயரும் நினைவக முகவரியும் கலந்த, யாருக்கும் உதவாத ஒரு வரி வரும். வேலைப்பட்டியல் கிளாஸுக்குள் இதைச் சேருங்கள்:

    டெஃப் __ஸ்டர்__(தான்):
        ரிட்டர்ன் தான்.பெயர் + ": " + ", ".ஜாயின்(தான்.வேலைகள்)

மறுபடி ஓட்டினால் ‘வீடு: துணி துவைக்க, போன் செய்ய’ என்று வரும். அவசரப்பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனால் பிரிண்ட்(மருத்துவம்) என்றாலும் இப்போது ஒழுங்காகவே வரும்.