மூக்கால் இழுத்துவிட்டேன்

4 வருஷ இடைவெளிக்குப் பிறகு, அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங். அதற்கு முன் நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று. மாஸ்க்கில் பாதி தண்ணீர் ஏறியதும் பழக்கதோஷத்தில் மூக்கால் இழுத்துவிட்டேன். புரையேறி, விருட்டென்று எழுந்து நின்றேன். இடுப்பளவுத் தண்ணீர், பிழைத்தேன். 12 மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு இப்படி ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகினேன். முதல் நிமிஷம் நரகம். பிறகு மாஸ்க்கோடு: மேல் விளிம்பை நெற்றியில் அழுத்தி, லேசாக அண்ணாந்து, மூக்கால் மெதுவாக ஊதினால் தண்ணீர் அடிவழியே வெளியேறும். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் பதற்றம் அடங்கியது.

படகில், குதிக்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்கும் ஜோடிச் சோதனையைச் சடங்காக நினைத்தேன். கூட்டாளி ரெகுலேட்டரில் மூச்சிழுக்க இழுக்க, அவர் பிரஷர் மீட்டர் முள் ஆடியது. சிலிண்டர் வால்வை முழுசாகத் திறக்கவில்லை!