சதுரத்தில் எட்டுப் பேர்: தேசிய ஸ்கொயர் டான்ஸ் மாநாட்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெ மாயின் நகரில் 2016 ஜூனில் நடந்த தேசிய ஸ்கொயர் டான்ஸ் மாநாடுதான் எனக்கு முதல் மாநாடு. என் முதல் பெரிய தவறும் அங்கேதான். அரங்கு வாசலில் 'பிளஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கும் கணவருக்கும் அப்போது அதற்கு ஒரு படி கீழான 'மெயின்ஸ்ட்ரீம்' நிலை வரைதான் தெரியும். கிளப் தோழி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள், சமாளித்துக்கொள்ளலாம் என்றாள். உள்ளே போனோம். இரண்டாவது நிமிடத்தில் மேடையிலிருந்தவர் 'ரிலே த டூசி' என்று ஓர் அசைவின் பெயரைச் சொன்னார். ஆறு பேர் நகர்ந்தார்கள், நாங்கள் இருவரும் விழித்தோம். அடுத்த மூன்று நொடியில் எட்டுப் பேரும் நின்றுவிட்டோம். சுற்றிலும் மற்ற சதுரங்கள் சுழன்றுகொண்டிருக்க, நடுவில் நாங்கள் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றோம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்நோக்கி நிற்பார்கள். மேடையில் மைக்கோடு நிற்பவர், பாட்டுக்கு ஏற்ப அடுத்தடுத்த அசைவுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். அவர்தான் 'காலர்'. அந்தக் 'கால்' நம் காலைக் குறிப்பதில்லை என்றாலும், சாயங்காலம் வலிப்பது நம் கால்தான். அடுத்து என்ன வரும் என்று ஆடுபவருக்குத் தெரியாது. காதில் விழுந்ததும் உடம்பு நகர வேண்டும். அசைவுகளின் பெயர் எந்த நாட்டிலும் ஆங்கிலத்தில்தான். ஜப்பானில் ஆடினாலும் ஜெர்மனியில் ஆடினாலும் அதே 'அலமண்ட் லெஃப்ட்', அதே 'ஸ்விங் த்ரூ'. ஆகவே முன்பின் தெரியாத எட்டுப் பேர் சேர்ந்து நின்றாலும் உடனே ஆட முடியும். எட்டில் ஒருவர் தப்பினாலும் மற்ற ஏழு பேருக்கும் ஆட்டம் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

முதல் மாநாடு 1952-ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கூடியது. அன்று முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு நகரமாக நகர்ந்து, பெரும்பாலும் ஜூன் கடைசியில் நடக்கிறது. பெரிய கன்வென்ஷன் சென்டர் ஒன்றில் பல அரங்குகள். நிலைக்கு ஒன்று, ஜோடிகள் வட்டமாகச் சுற்றி ஆடும் ரவுண்ட் டான்ஸுக்கு ஒன்று, காலால் தாளம் தட்டி ஆடும் கிளாகிங்குக்கு ஒன்று என்று காலையிலிருந்து இரவு வரை ஓடும்.

எந்த அரங்கு?

இங்கே செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. காலர்களின் சர்வதேச அமைப்பான காலர்லேப், அசைவுகளை நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. மெயின்ஸ்ட்ரீம் முடித்தவருக்கு எழுபது அசைவு வாக்கில் தெரிந்திருக்கும். பிளஸ் அதற்கு மேல் முப்பது சொச்சம். அதற்கும் மேலே அட்வான்ஸ்டு, அதன் தலைமேல் சேலஞ்ச். ஒவ்வொரு அரங்கும் எந்த நிலை என்று நிகழ்ச்சிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும். இருந்தும் ஆண்டுதோறும் மக்கள் தப்பான கதவுக்குள் நுழைகிறார்கள். ஊரிலிருந்து சேர்ந்து வந்த கூட்டத்தைவிட்டுப் பிரிய மனசு வராது. கொஞ்சம் கௌரவப் பிரச்சினையும் உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிலை சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. வாராவாரம் ஒரே காலரின் குரலுக்கு ஆடிப் பழகியவர்களுக்கு, அந்த ஒரு குரல் மட்டும்தான் தெரியும். மாநாட்டில் சிறிது நேரத்துக்கு ஒருவர் மேடை ஏறுவார். தெற்கத்தி இழுவையோடு ஒருவர் வருவார், மூச்சு விடாமல் கொட்டும் இன்னொருவர் வருவார், வேற்று நாட்டு உச்சரிப்போடு ஒருவர் வருவார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத என் போன்றவர்களுக்கு முதல் அரை நாள் இதிலேயே போய்விடும்.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்றும் உண்டு. நம் கிளப் காலர் 'ஸ்விங் த்ரூ' என்பதை எப்போதும் ஆண்களும் பெண்களும் வழக்கமான இடத்தில் நிற்கும்போதுதான் சொல்லியிருப்பார். மாநாட்டில் ஒருவர் ஜோடிகளை இடவலம் மாற்றி நிறுத்திவிட்டு அதையே சொல்வார். அசைவு ஒன்றுதான். உடம்பு வேறு மாதிரி பழகியிருப்பதால் தவறான பக்கம் திரும்பும். மனப்பாடமாக ஆடியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள், அசைவின் விளக்கத்தைப் புரிந்து படித்தவர்கள் தப்பிப்பார்கள். ஆகவே மாநாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே பக்கத்து ஊர் கிளப்புகளுக்குப் போய் வேறு காலர்களுக்கு ஆடிப் பாருங்கள். புது உடுப்பு வாங்குவதைவிட இதற்குப் பெட்ரோல் செலவு செய்வது மேல்.

நிலை குறைந்த அரங்கில் ஆடுவதை இழுக்காக நினைக்க வேண்டாம். சேலஞ்ச் ஆடுபவர்கள் சிலர் மெயின்ஸ்ட்ரீம் அரங்குக்கு வந்து சும்மா ஆனந்தமாக ஆடிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். புதியவர்களுக்குத் துணையாக ஆடும் அனுபவசாலிகளுக்கு 'ஏஞ்சல்' என்று பெயர். நல்ல ஏஞ்சல் வாயே திறக்க மாட்டார். சரியான நேரத்தில் சரியான இடத்தில் கையை நீட்டுவார், அவ்வளவுதான்.

தளத்தில்

சதுரம் உடைந்தால் என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போவது, நீச்சல் தெரியாமல் படகில் ஏறுகிற மாதிரி. உடைந்தவுடன் பெரும்பாலோர் செய்வது விவாதம்: "நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கணும்", "இல்லை, நீங்கதான்". இதற்குள் காலர் பத்து அசைவு தாண்டிப் போயிருப்பார். செய்ய வேண்டியது எளிது. பேசாமல் அவரவர் ஆரம்ப இடத்துக்குப் போங்கள், ஜோடிகள் எதிரெதிர் வரிசைகளாக நின்றுகொள்ளுங்கள். நல்ல காலர் தளத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். வரிசைகள் முன்னே போய்ப் பின்னே வரும்படி அவர் சொல்லும் நேரம் வரும், அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

பாட்டோடு வரும் பகுதியில் ஒரு தனித் தவறு உண்டு. ஒரு தடவை ஆடும் ஆட்டத்துக்கு 'டிப்' என்று பெயர், அதில் இரண்டு பகுதி. முதலாவதில் காலர் தன் இஷ்டத்துக்கு அசைவுகளைக் கோர்ப்பார். இரண்டாவதில் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே ஆட்டுவிப்பார். அந்தப் பாட்டு ஏழு சுற்று. அதில் நான்கு சுற்றில் ஜோடி மாறிக்கொண்டே வரும், நான்காவது முடியும்போது அவரவர் துணை அவரவரிடம் திரும்பிவிடும். புதிதாக வந்த தம்பதிகள் இரண்டாவது சுற்றிலேயே பதறிப்போய்த் தன் கணவனை நோக்கியோ மனைவியை நோக்கியோ ஓடுவார்கள். உடனே கணக்கு குலைந்துவிடும். பயப்படாதீர்கள், ஆளைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

மற்ற மரியாதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடிக்கொண்டிருக்கும் சதுரத்தின் நடுவே புகுந்து நடக்காதீர்கள். டிப் பாதியில் விலகாதீர்கள். ஒருவர் போனால் மற்ற ஏழு பேரும் உட்கார வேண்டியதுதான். ஜோடி குறைகிற சதுரத்தில் யாராவது கையை உயர்த்தி இரண்டு விரலோ ஒரு விரலோ காட்டினால், அத்தனை ஜோடி தேவை என்று அர்த்தம். கண்ணில் பட்டும் தாண்டிப்போய் நண்பர்களைத் தேடுவது அநாகரிகம். வாசனைத் திரவியத்தைக் கொட்டிக்கொண்டு வராதீர்கள், எட்டுப் பேர் மூச்சுத் தூரத்தில் ஆடுகிறோம். குளிப்பதும் மாற்றுச் சட்டை எடுத்துவருவதும் வேறு விஷயம், அதில் கஞ்சத்தனம் கூடாது.

கையைப் பிடிப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் அசைவுகளோடு சேர்த்துச் சுழற்றுவது, தட்டுவது என்று சொந்தச் சேர்க்கைகள் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், ரசிப்பார்கள். மாநாட்டில் எதிரே நிற்பவர் வேறு மாநிலத்துக்காரர். அவருக்குத் தோள்பட்டை அறுவை சிகிச்சை ஆகியிருக்கலாம். வருபவர்களில் கணிசமானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். கேட்காமல் கையைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினால் அவருடைய மாநாடு அன்றோடு முடிந்துவிடும். எதிராளி கையைத் தளர்த்தினால் சுழற்ற வேண்டாம் என்று பொருள். மெதுவாகப் பிடித்து, உரிய நேரத்தில் விட்டுவிடுங்கள்.

உடம்பும் ஊரும்

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 125 தாளம் வாக்கில் இருக்கும், தாளத்துக்கு ஒரு அடி. ஒரு டிப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் 1,500 அடி. பத்து டிப் ஆடினால் 15,000. அதுவும் கான்கிரீட் தரையில், தொடர்ந்து மூன்று நாள். முதல் நாள் உற்சாகத்தில் காலை முதல் இரவு வரை ஒன்று விடாமல் ஆடுபவர்களை, மூன்றாம் நாள் பார்வையாளர் நாற்காலியில் முழங்காலில் ஐஸ் பையோடு பார்க்கலாம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். புதுச் செருப்பை மாநாட்டில் முதன்முதலாகப் போடுவது இன்னொரு வேதனை. ரப்பர் அடி தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு சுழலும்போது பாதம் சுழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஓரளவு வழுக்கும் அடியுள்ள, பழகிய ஷூதான் நல்லது. இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

ஜூன் மாத அமெரிக்கத் தெற்கு நம்மூர்க் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததல்ல. 2023-ல் அலபாமாவின் மொபீல், 2025-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட், இரண்டும் புழுக்கமான ஊர்கள். உள்ளேயோ ஏசி எலும்பைத் தொடும். வியர்வையோடு உட்கார்ந்தால் சளி நிச்சயம், ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதைச் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன். ஒரு தடவை மயங்கி விழுந்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

தங்குமிடம், பதிவு இரண்டிலும் தாமதம் வேண்டாம், அவ்வளவுதான். மலிவு என்று தூரத்து ஹோட்டலில் அறை எடுத்தால் மதியம் போய்க் காலை நீட்டிவிட்டு வர முடியாது. அந்த ஒரு மணி நேர ஓய்வுதான் இரவு ஆட்டத்தைக் காப்பாற்றும்.

பழையவர்கள் செய்யும் தவறு

இதுவரை சொன்னவை புதியவர்களுக்கு. ஆண்டுக்கணக்காக வருபவர்கள் வேறு மாதிரித் தவறுகள் செய்கிறார்கள், என் கணக்கில் அவைதான் மாநாட்டுக்கு அதிகக் கெடுதல். 1976-ல் அனஹைமில் கூடிய 25-வது மாநாட்டுக்குச் சுமார் 40,000 பேர் வந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர். 2020-ல் ஸ்போகேனில் நடக்க வேண்டியது கொரோனாவால் நடக்கவே இல்லை. இந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்கு ஏக்கம் இருப்பது இயல்பு. ஆனால் முதல் தடவை வந்திருக்கும் ஒரு இளம் ஜோடியிடம், "நீங்க அந்தக் காலத்தில் பார்த்திருக்கணும், இதெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று காபி வரிசையில் சொல்வதால் என்ன ஆகும்? அவர்கள் அடுத்த ஆண்டு வர மாட்டார்கள். கூட்டம் இன்னும் இரண்டு பேர் குறையும்.

உடுப்பு விஷயமும் இப்படித்தான். பல அடுக்குப் பெட்டிகோட், அதன்மேல் விரியும் குட்டைப் பாவாடை, ஆண்களுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு போன்ற போலோ டை. பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். முழுக்கைக்கு ஒரு நியாயமும் உண்டு: வியர்த்த வெறும் கையைப் பிடிப்பதைவிடத் துணியைப் பிடிப்பது மேல். அதற்காக, ஜீன்ஸில் வந்த பெண்ணை மேலும் கீழும் பார்ப்பது எதற்கு? இந்த நாட்களில் விதிகள் எவ்வளவோ தளர்ந்துவிட்டன. அந்த ஆண்டின் அறிவிப்பில் இரவு ஆட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். பிறர் பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மெயின்ஸ்ட்ரீம் வரை கற்க வழக்கமாக செப்டம்பரில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை ஆகும். இந்தக் காலத்தில் யார் அத்தனை மாதம் ஒதுக்குவார்கள்? அதனால்தான் சுமார் ஐம்பது அசைவுகளோடு 'சோஷியல் ஸ்கொயர் டான்ஸ்' என்ற குறுகிய நிலையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை 'அரைகுறை' என்று முகம் சுளிக்கிற மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அரங்குக்குப் போய் ஆடினேன். அங்கேதான் சிரிப்புச் சத்தம் அதிகமாக இருந்தது.

காலர்களைக் குறை சொல்வதும் ஒரு வழக்கமாகிவிட்டது. மாநாட்டில் மேடை ஏறுபவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. நம்மைப் போலவே பதிவுக் கட்டணம் கட்டி, சொந்தச் செலவில் வந்து, தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். அன்று முதன்முதலாக இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன் நிற்பவரும் அவர்களில் இருப்பார். அவர் தடுமாறினால் சதுரத்தைக் கலைத்துக்கொண்டு வெளியேறுவது நியாயமில்லை.

ஆட்டம் மட்டும் போதும் என்று இருப்பவர்கள், பக்கத்து அறைகளில் நடக்கும் பயிற்சிகளையும் கலந்துரையாடல்களையும் தவறவிடுகிறார்கள். எனக்கு ரவுண்ட் டான்ஸின் வால்ட்ஸ் அடிகள் பிடிபட்டது அப்படி ஒரு மதிய வகுப்பில்தான். கால் வலிக்கு ஒதுங்கப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன்.

அப்புறம், ஊர் திரும்பும் டிக்கெட். சனிக்கிழமை இரவுதான் கடைசி ஆட்டம். மறுநாள் வேலை இருக்கிறது, சனி மாலையே கிளம்பிவிடலாம் என்று நாங்கள் இரண்டு ஆண்டு டிக்கெட் போட்டோம். இரண்டு தடவையும் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, இப்போது எந்த அரங்கில் யார் பாடிக்கொண்டிருப்பார் என்று நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆண்டிலிருந்து ஞாயிறு மதிய விமானம்தான்.