தோரிய அணுவின் அமைப்பைக் கணக்கிட்டு அறிதல்

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் தாதுவில் தோரியம் உள்ளது. அணு அமைப்பைப் பயில அதையே எடுத்துக்கொள்ளலாம். தனிம வரிசை அட்டவணையில் அதன் அணு எண் 90. அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அதுவே. மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களும் அத்தனையே.

புரோட்டான்கள், நியூட்ரான்கள் இரண்டின் மொத்த எண்ணிக்கையே நிறை எண். தோரியத்தின் நிறை எண்ணான 232-இலிருந்து 90-ஐக் கழித்தால் கிடைக்கும் 142, நியூட்ரான்களின் எண்ணிக்கை. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: அட்டவணையில் காணும் 232.04 என்பது அணு நிறை. நிறை எண்ணோ எப்போதும் முழு எண்.

எலக்ட்ரான்கள் 2, 8, 18, 32, 18, 10, 2 என அணுக்கருவைச் சுற்றிய ஏழு கூடுகளில் அமைகின்றன. ஐந்தாம் கூட்டில் இடமிருக்கும்போதே அடுத்த கூடுகளில் எலக்ட்ரான்கள் சேர்ந்துவிடுவதால், கூடு நிரப்பும் பயிற்சியை முதல் 18 தனிமங்களில் தொடங்குவதே நல்லது.